குடையும் மாடும்

ஜூன் 2, 2025. திங்கள்

ஆறாம் சுற்று இன்று தொடங்கியது. களக்குறிப்பு எழுதுவதற்குக் கோவை அலுவலகம் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தது. எனக்கு மட்டும் தவறுதலாக இரண்டு வந்துவிட்டன. ஒன்றில் அவர்களுக்கு வேண்டியதை எழுதுவேன். இன்னொன்று இது. இதை யாரும் கேட்கப் போவதில்லை.

பதினாறு வருடமாக இதே வேலை. உடுமலைப்பேட்டையில் ஐம்பது வயது தாண்டிய ஆயிரத்து நூற்று நாற்பது பேரை 2009இல் பெயர் எழுதிக்கொண்டோம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதே ஆட்களை அதே கேள்விகளோடு வீட்டுக்கே போய்ப் பார்ப்போம்; கொரோனாவால் ஒரு சுற்று மட்டும் ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. நான்கு மீட்டர் தூரம் நடக்கவிட்டு நேரம் குறிப்போம். ஒரு கருவியைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்வோம். பத்து வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்லக் கேட்போம். மனிதர்கள் எப்படி வயதாகிறார்கள் என்று தெரிந்துகொள்ளக் குறுக்கு வழி எதுவும் கிடையாது. கூடவே நாமும் வயதாக வேண்டியதுதான். பால்வாடி டீச்சராக இருந்த என்னைக் கூப்பிட்டுக் கள மேற்பார்வையாளர் ஆக்கியபோது எனக்கு நாற்பத்திரண்டு. இப்போது ஐம்பத்தெட்டு. பெயர் எழுதியவர்களில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் மிச்சம்.

இந்தத் தடவை பத்து வார்த்தைகளை நாங்கள் சொல்லக் கூடாதாம். டேப்லட்டில் ஒரு பெண் குரல் சொல்லும், நாங்கள் பொத்தானை அழுத்தினால் போதும். "தருமபுரி, நாகப்பட்டினம், உடுமலை, மூணு ஊர்லயும் ஒரே குரல் இருந்தாத்தான் ஒப்பிட்டுப் பாக்க முடியும்" என்றார் புது இயக்குநர் டாக்டர் மாதங்கி. பொத்தானை அழுத்த என்னைப் போல ஓர் ஆள் எதற்கு என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

மின்வாரியத்தில் ஓய்வு பெற்றதிலிருந்து என் வீட்டுக்காரருக்கு மார்க்கெட் போவதுதான் உத்தியோகம். காலையில் இரண்டு கிலோ தக்காளி வாங்கி வந்தார். சாயங்காலமும் இரண்டு கிலோ வாங்கி வந்தார். நாளைக்குத் தொக்கு போட்டுவிட வேண்டும்.

ஜூன் 4, புதன்

முதல் வீடு ரங்கநாயகியம்மா. எண்பத்தொரு வயது. மில்லில் நூல் சுற்றும் இடத்தில் முப்பது வருடம் நின்றவர். ஐந்து சுற்றிலும் முகம் கோணாமல் பதில் சொன்னவர். நான் படியேறும்போதே, "வாங் டீச்சர், மூணு வருசம் ஆயிப்போச்சுங்களா? நானு இன்னும் போய்ச் சேரலீங் பாருங்" என்று சிரித்தார். இந்த ஊரில் எனக்கு இன்னமும் டீச்சர் என்றுதான் பெயர்.

நடை நன்றாக இருந்தது. கைப்பிடியும் மோசமில்லை. டேப்லட்டின் பொத்தானை அழுத்தினேன். குடை. இரண்டு விநாடி. மாடு. இரண்டு விநாடி. நெருப்பு. சாவி. மலை. கயிறு. பால். கதவு. ராணி. விதை. அந்தப் பெண் ரயில் வருவதை அறிவிப்பது போலச் சொல்லி முடித்தாள். ஐந்து நிமிடம் தூக்கம், பசி என்று வேறு கேள்விகள் கேட்டேன். பிறகு, ஞாபகம் இருக்கும் வார்த்தைகளைச் சொல்லச் சொன்னேன்.

"குடை, மாடு" என்றார். நின்றார். விரல்களைப் பார்த்தார். "கதவுங்களா?" என்றார். அவ்வளவுதான். போன சுற்றில் எட்டு சொன்னவர்.

"ஏனுங் டீச்சர், இந்தப் புள்ள யாருங்? மூஞ்சியத் திருப்பிக்கிட்டுச் சொல்றாப்புல சொல்லுது. காதுலயே நிக்க மாட்டீங்குது. நீங்க சொல்லுங், நானு அத்தனையும் சொல்றனா இல்லியா பாருங்."

விதி இப்படி என்று சொல்லி, மூன்று என்று பதிந்தேன். மூன்றும் அதற்குக் கீழும் வந்தால், நரம்பியல் மருத்துவரைப் பார்க்கவும் என்று வீட்டாருக்கு ஒரு கடிதம் தானாகவே போய்விடும். அதைப் பார்த்து ரங்கநாயகியம்மாவின் மகன் என்ன சொல்வாரோ.

ஜூன் 9, திங்கள்

இவர் டிவிஎஸ்ஸை மார்க்கெட்டில் விட்டுவிட்டு நடந்தே வந்துவிட்டார். கேட்டால், நடப்பது உடம்புக்கு நல்லது என்கிறார். ஊருக்கெல்லாம் நடை வேகம் அளக்கிற என்னிடமே இந்தப் பேச்சு. ஆட்டோவில் போய் வண்டியை எடுத்து வந்தேன். சாவி அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்ற ஆண்கள் எல்லாருமே இப்படித்தான் ஆகிவிடுகிறார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

மழை. இரண்டே வீடு. இரண்டிலும் நான்கு வார்த்தை.

ஜூன் 26, வியாழன்

தொண்ணூறு வீடு முடிந்தது. என்னுடன் பத்து வருடமாக வேலை பார்க்கும் ஷகிலாவும் நானும் மதியம் உட்கார்ந்து படிவங்களைச் சரிபார்த்தோம். அநேகமாக எல்லார் கணக்கும் மூன்று, நான்கு, ஐந்து. போன சுற்றுவரை உடுமலையின் சராசரி ஏழு. தருமபுரியும் நாகப்பட்டினமும் எப்போதும் நான்கில்தான் நிற்கும். இந்த ஆய்வைத் தொடங்கிய பெரிய டாக்டர் மேடைக்கு மேடை, "உடுமலைத் தண்ணியில என்னமோ இருக்குய்யா" என்று சொல்லுவார். திருமூர்த்தி மலைத் தண்ணீர் என்று எங்களுக்கும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளத் தோன்றும்.

ஷகிலா சோற்றைப் பிசைந்துகொண்டே, "அக்கா, நீங்க பாடித்தானே சொல்லுவீங்க? எங்களுக்கும் அப்புடித்தானே சொல்லிக் குடுத்தீங்க? அது இல்லாததுனால இருக்குமோ?" என்றாள்.

நான் பாடவில்லை. தெளிவாகச் சொன்னேன். வயதானவர்களுக்குக் காது மந்தம், அவர்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். அதையே அவளிடமும் சொன்னேன். சரிங்கக்கா என்று ரசம் ஊற்றிக்கொண்டாள். அந்தச் சரிங்கக்கா எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 5, சனி

பெங்களூரிலிருந்து சிந்து கூப்பிட்டாள். பெற்ற மகள் என்பதால் சொல்கிறேன், அவளுக்கு எதையும் பெரிதாக்கிப் பார்க்கும் குணம் சின்ன வயதிலிருந்தே உண்டு. "அம்மா, அப்பா பத்து நிமிசத்துல மூணு தடவை எப்ப வரேன்னு கேட்டாரும்மா. நீ கவனிக்கிறியா இல்லியா?" என்கிறாள். தள்ளியிருக்கும் மகளை எப்போது வருவாய் என்று அப்பா கேட்பதும் ஒரு நோயா?

ஆனாலும் சும்மா விளையாட்டாக, சாயங்காலம் காப்பி குடிக்கும்போது இவரிடம் பத்து வார்த்தைகளையும் சொல்லிப் பார்த்தேன். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டேன். ஒன்பது! விதை மட்டும் விட்டுப்போயிற்று. ஆய்வில் இருக்கும் பாதிப் பேர் இவரிடம் பிச்சை வாங்க வேண்டும். சிந்துவுக்கு வாட்ஸப்பில் "9/10" என்று அனுப்பினேன். கட்டைவிரல் உயர்த்தி ஒரு பொம்மை அனுப்பினாள்.

அவள் வாய் அடைத்ததில் எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

ஜூலை 11, வெள்ளி

டாக்டர் மாதங்கி உடுமலைக்கே வந்துவிட்டார். மடிக்கணினியில் மூன்று கோடுகளைக் காட்டினார். தருமபுரிக் கோடும் நாகப்பட்டினக் கோடும் மெல்லச் சரிகின்றன. உடுமலைக் கோடு பதிமூன்று வருடம் உயரத்திலேயே போய், இந்த வருடம் மொட்டைமாடியிலிருந்து கால் தவறியது போல விழுந்திருக்கிறது.

"டேப்லட்தான் காரணம்னா மூணு ஊரும் விழுந்திருக்கணும் சம்பூர்ணம்மா. மத்த ரெண்டும் அப்படியேதான் இருக்கு. உங்க ஊர் ஆளுங்களுக்கு மட்டும் இந்த மூணு வருஷத்துல என்னமோ நடந்திருக்கு. கொரோனாவா, மில்லு மூடினதா, தண்ணியா, தெரியல. இது ரொம்பப் பெரிய விஷயம். அக்டோபர்ல டெல்லியில இதைப் பத்திப் பேசப் போறேன்."

அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. நல்ல பெண். வேலையில் உயிரையே வைத்திருப்பவர். சாப்பாட்டு வேளையிலும் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினாறு வருஷமா இவங்களைப் பாக்குறவங்க நீங்க. உங்களுக்கு என்ன தோணுது?"

"மில்லு மூடுனதுதான் மேடம். மனுசங்களுக்கு மனசு விட்டுப்போச்சுங்க" என்றேன்.

அதையும் குறித்துக்கொண்டார்.

ஜூலை 12, சனி

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் கேட்கப் போவதில்லை என்று முதல் நாளே எழுதியிருக்கிறேன்.

2009இல் மூன்றாம் நாள். வேலுச்சாமி என்று மில்லில் டைம்கீப்பராக இருந்தவர். இரண்டாயிரம் தொழிலாளிகளின் டோக்கன் எண்ணையும் மனப்பாடமாக வைத்திருந்தவர் என்று ஊரே சொல்லும். கையேட்டில் இருந்தபடி, இரண்டு விநாடிக்கு ஒரு வார்த்தை, ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தேன். இரண்டு வார்த்தைதான் சொன்னார். சமையலறையிலிருந்து மருமகள் சிரித்தாள். அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், மூணுன்னாவது போட்டுக்குங்" என்றார். நான் போடவில்லை. இரண்டு என்றுதான் எழுதினேன். ஓர் எண்ணைக்கூட நான் இதுவரை மாற்றி எழுதியதில்லை. இதை எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சொல்வேன்.

ஆனால் அடுத்த வீட்டில் கையேட்டை மூடி வைத்துவிட்டு, பால்வாடியில் குழந்தைகளுக்குச் சொல்வது போலச் சொன்னேன். குடையும் மாடும். நெருப்பும் சாவியும். மலையும் கயிறும். பாலும் கதவும். ராணியும் விதையும். கொஞ்சம் தலையாட்டி, கடைசியில் குரலைத் தூக்கி. அந்த வீட்டு அம்மா எட்டு சொன்னார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

சேர்த்தது ஓர் 'உம்' மட்டும்தான். வார்த்தையும் அதேதான், வரிசையும் அதேதான். பத்து தனி வார்த்தைகள் ஐந்து ஜோடிகள் ஆகிவிட்டன. குடைக்குக் கீழே ஒரு மாடு நிற்பது கண்ணுக்குத் தெரியும்போது அதை எப்படி மறப்பது? பிறகு வேலைக்கு வந்த பதினோரு பேருக்கும் நான்தான் பயிற்சி கொடுத்தேன். அவர்களும் அப்படியே சொன்னார்கள். உடுமலைத் தண்ணீரில் ஒன்றும் இல்லை.

இதனால் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று? யாருக்கும் ஒன்றும் இல்லை. நான்கு பேர் சந்தோஷப்பட்டார்கள்.

ஜூலை 22, செவ்வாய்

சைக்கிள் கடை சின்னராஜ் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். எழுபத்து மூன்று வயது. கடிதம் கையில் கசங்கியிருந்தது.

"அம்மிணி, நானு மறதிக்காரனுங்களா? போன தடவ ஏழு போட்டீங். இப்ப மூணுங்கறீங். பையன் கடச் சாவியப் புடுங்கி வச்சுக்கிட்டான். ஊட்டுலயே உக்காருங்கறான். ஒரு பஞ்சரு ஒட்டறதுக்கு என்ன ஞாபகம் வேணுங்கறேன்?"

நன்றாகத்தான் பேசினார். வரும் வழியில் எத்தனை வேகத்தடை என்றுகூடச் சொன்னார். ஒன்றும் இல்லை, மறுபடி பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தேன். அவர் வாசலில் செருப்பைத் தேடாமல் போட்டுக்கொண்டு போனார். சின்னராஜ் மறதிக்காரர் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஊருக்கே சொல்லவும் என்னால் முடியும். சொன்னால் அந்த ஏழும் எட்டும் ஒன்பதும் பொய்யாகிவிடும்.

வீட்டில் ஃபியூஸ் போயிற்று. முப்பத்தைந்து வருடம் கம்பத்தில் ஏறியவர், மெயினை அணைக்காமலே ஃபியூஸ் கட்டையில் கை வைக்கப் போனார். தட்டிவிட்டேன். இருட்டில் தெரியவில்லையாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக்கொண்டேன்.

ஜூலை 23, புதன்

இவருக்குப் பத்து வார்த்தை. ஒன்பது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு நோம்பி. பூவும் பழமும் வாங்கி வருகிறேன் என்று காலை எட்டு மணிக்குப் போனவர் பதினொன்றுக்கும் வரவில்லை. படையலுக்குப் பச்சை மாவைப் பிசைந்து அப்படியே வைத்திருந்தேன். பன்னிரண்டரைக்கு ஒரு ஃபோன். மின்வாரிய அலுவலகக் காவலாளி.

"சாரு இங்கதான் இருக்காருங்மா. லீவு நாளுன்னு சொன்னா கேக்க மாட்டீங்கறாரு. லைன்மேன் வரோணும், கம்பம் சாஞ்சிருச்சுன்னு சொல்லிக்கிட்டு கேட் முன்னால உக்காந்திருக்காருங்."

ஷகிலா ஸ்கூட்டரில் கூட்டிப் போனாள். சட்டைப் பொத்தானை மேலும் கீழுமாகப் போட்டுக்கொண்டு, பூட்டிய கேட் முன்னால் மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா சம்பூ, இவனுங்க ஒருத்தனும் வேலைக்கே வரல பாரு" என்றார்.

பழைய சிநேகிதர்களைப் பார்க்கப் போயிருப்பார் என்று ஷகிலாவிடம் சொன்னேன். அவள் வண்டியைத் திருப்பும்போது என் தோளை ஒரு தடவை தட்டிக்கொடுத்தாள். அவளைவிட நான் பதினாறு வயது மூத்தவள்.

மதியம் பாயாசம் வைத்தேன். இரண்டு தம்ளர் குடித்தார். நான் குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

கோவைக்குப் போனேன். டாக்டர் மாதங்கியின் அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நம்பவில்லை. "எங்க, சொல்லிக் காட்டுங்க" என்றார். குடையும் மாடும் என்று தொடங்கி ராணியும் விதையும் வரை சொல்லிக் காட்டினேன். என்னை அறியாமல் தலை ஆடியது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

திட்டினால் தேவலை என்று இருந்தது.

"அஞ்சு சுற்று சம்பூர்ணம்மா. பதிமூணு வருஷம். ஆளுங்க மாறுறாங்களான்னு பாக்கத்தான் அளவுகோலை மாத்தாம வச்சிருக்கோம். நீங்க அளவுகோலையே இழுத்து நீட்டிட்டீங்க."

"யாருக்கும் கெடுதல் பண்ணோணும்னு பண்ணலீங் மேடம். அவங்க வெக்கப்படக் கூடாதுன்னுதான்."

"தெரியும். நீங்க உதவின்னு நெனச்சீங்க. ஆனா உங்க பாட்டுல எல்லாரும் ஏழு எட்டு வாங்கிட்டா, நெஜமாவே மறக்கத் தொடங்கினவங்க யாருன்னு எப்படித் தெரியும்? அவங்க வீட்டுக்கு நாம ஒவ்வொரு தடவையும் நல்லா இருக்காருன்னு எழுதி அனுப்பியிருக்கோம். மூணு வருஷம் முன்னாடியே டாக்டர்கிட்டப் போயிருக்க வேண்டியவங்க, நம்ம கடிதத்தைப் படிச்சுட்டு வீட்டுலயே இருந்திருப்பாங்க."

அப்போதுதான் அழுதேன். அவர் நினைத்தது வேறு. ஆய்வு போயிற்றே என்று அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

கொஞ்சம் ஆறிய பிறகு ஒரு தாளை இழுத்து எழுத ஆரம்பித்தார். "டெல்லிப் பேச்சு இல்ல. அது போகட்டும். உங்க குரல் எத்தனை வார்த்தை கூட்டுதுன்னு அளந்துட்டா, பழைய கணக்குல அதைக் கழிச்சுப் பாக்கலாம். நூத்தி இருபது பேர். புதுசா பத்து பத்து வார்த்தையா ரெண்டு பட்டியல். ஒரு வாரம் டேப்லட், ஒரு வாரம் நீங்க. பாதிப் பேருக்கு முதல்ல டேப்லட், பாதிப் பேருக்கு முதல்ல நீங்க. எப்பவும் சொல்ற மாதிரியே சொல்லணும். ஒரு உம் கூடக் குறையக் கூடாது."

வேலை போய்விடும் என்றுதான் பஸ் ஏறினேன். திரும்பும்போது, பதினாறு வருடமாகத் திருட்டுத்தனமாகச் செய்ததை விதிப்படி செய்யும் உத்தரவு பையில் இருந்தது. சின்னராஜின் மகனுக்கு டாக்டர் மாதங்கியே ஃபோன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

எப்போதும் சொல்கிற மாதிரி சொல்வது எவ்வளவு கஷ்டம்! யாரோ கவனிக்கிறார்கள் என்றதும் என் பாட்டு எனக்கே நாடகம் போல இருக்கிறது. ரங்கநாயகியம்மா மட்டும், "இப்பத்தான் டீச்சர் டீச்சராட்ட இருக்கீங்" என்றார். எட்டு சொன்னார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

தக்காளி கிலோக் கணக்கில் அழுகிப்போய்விட்டது. மார்க்கெட்டுக்கு இனிமேல் நானே போகிறேன் என்றேன். இவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 12, வெள்ளி

நூற்று இருபது பேரும் முடிந்து கணக்கு வந்துவிட்டது. என் குரல் சராசரியாக மூன்று வார்த்தை கூட்டுகிறது. பழைய ஏழிலிருந்து மூன்றைக் கழித்தால் நான்கு. தருமபுரி மாதிரி, நாகப்பட்டினம் மாதிரி நாங்களும் சாதாரண மனிதர்கள். பழைய பதிவுகள் பிழைத்துக்கொள்ளும் என்று டாக்டர் மாதங்கி ஃபோனில் சொன்னபோது அவர் குரலே லேசாகியிருந்தது. நடந்ததை ஒளிக்காமல் கட்டுரையாக எழுதப் போகிறாராம். என் பெயரையும் போடட்டுமா என்று கேட்டார். போடுங்கள் என்றேன்.

அப்புறம் இன்னொன்று சொன்னார். மூன்று என்பது சராசரிதானாம். சின்னராஜ் போல நன்றாக இருப்பவர்களுக்கு இரண்டு மூன்றுதான் கூடுகிறது. தனி வார்த்தைகளாகக் கேட்டாலும் அவர்கள் கொஞ்சம் சமாளித்துவிடுகிறார்கள். ஆனால் ஏழு பேருக்கு மட்டும் பாட்டாகக் கேட்டால் எட்டு, ஒன்பது. தனித்தனியாகக் கேட்டால் ஒன்று, இரண்டு.

"அவங்களுக்கு ஞாபகம் போயிடுச்சு சம்பூர்ணம்மா. ராகம் மட்டும்தான் பிடிச்சு வச்சிருக்கு. இந்த ஏழு பேரையும் உடனே டாக்டர்கிட்ட அனுப்பணும். நீங்க சொல்லலைன்னா இவங்களைக் கண்டுபிடிச்சிருக்கவே முடியாது."

ஏழு பேரின் பெயரையும் எழுதிக்கொண்டேன். எழுத்து கோணலாக விழுந்தது. வயசாகிவிட்டது எனக்கும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஜூலையில் விளையாட்டாக என்று எழுதியது பொய். போன வருடம் சித்திரையிலிருந்து வாரம் ஒருமுறை இவருக்கு அந்தப் பத்து வார்த்தைகளைச் சொல்லிவருகிறேன். சொன்னதெல்லாம் என் வழியில்தான். ஒன்பது வந்த ஒவ்வொரு வாரமும் நிம்மதியாகத் தூங்கினேன். இதை வேறு எங்கும் எழுதவில்லை.

இன்று காப்பி முடிந்ததும் நாற்காலியை இவருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். புதுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டேன். கடிகாரத்தைப் பார்த்து, இரண்டு விநாடிக்கு ஒன்றாக, ஏற்றமில்லாமல் இறக்கமில்லாமல் வாசித்தேன். படகு. எலி. தங்கம். ஜன்னல். உப்பு. நிலா. செருப்பு. பாலம். பூட்டு. கரும்பு. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி வாசிக்க எனக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

ஐந்து நிமிடம் சிந்துவைப் பற்றி, மழையைப் பற்றிப் பேசினேன். பிறகு, "இப்பச் சொன்ன வார்த்தையில ஞாபகம் இருக்கறதச் சொல்லுங்க" என்றேன்.

"எந்த வார்த்தை?" என்றார்.

காத்திருந்தேன். ஒரு நிமிடம் வரை காத்திருக்கலாம் என்பது விதி. சுவரைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எம்மேல ஏன் கோவமா இருக்கற சம்பூ?"

"கோவமெல்லாம் இல்லீங்க."

"கோவந்தான். ஒருநாளும் இப்புடிப் பேச மாட்ட. கடுகடுன்னு பேசுன." சற்று நேரம் யோசித்தார். பிறகு பள்ளிக்கூடத்துப் பையனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை ஆட்டிக்கொண்டு ஆரம்பித்தார். "குடையும் மாடும், நெருப்பும் சாவியும், மலையும் கயிறும், பாலும் கதவும், ராணியும் விதையும்." இந்தத் தடவை விதையைக்கூட விடவில்லை. "பத்தும் சொல்லீட்டனா? கோவம் போச்சா?"

"போச்சுங்க" என்றேன். அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டார்.

முகம் கழுவிக்கொண்டு டாக்டர் மாதங்கியைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தொந்தரவுக்கு மன்னிக்கச் சொன்னேன்.

"மேடம், அந்த ஏழு பேரு பட்டியல்ல எட்டாவதா ஒரு பேரு சேத்துக்குங்க."

"ஆய்வுல இருக்குறவங்களா? எண் சொல்லுங்க."

"எண் இல்லீங்க மேடம். திருமூர்த்தி. வயசு அறுபத்தாறு. பாட்டுல பத்து. தனி வார்த்தையில ஒண்ணும் இல்லீங்க."

"உங்களுக்கு என்ன வேணும் அவர்?" என்று மெல்லக் கேட்டார். சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்.